1971 எம்ஜிபி ரோட்ஸ்டர்: வாங்கும் முன் இரண்டு மணி நேரத்தில் எதைப் பார்ப்பது?

கேள்விக்குறி · மார்ச் 2, காலை 7:15

1971 எம்ஜிபி ரோட்ஸ்டர், அதாவது நிலையான கூரையில்லாத பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று பார்க்கப் போகிறேன். குரோம் பம்பர், வயர் வீல். ஓவர்டிரைவ் (அதே வேகத்தில் எஞ்சின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர்) உண்டு என்கிறார் விற்பவர். இரண்டு மணி நேரம் தருவார், ஜாக்கி போட்டுக்கொள்ளலாம். பெயின்ட் பளபளவென்று இருக்கிறது. என் கணக்கு இதுதான்: எஞ்சினும் கியர்பாக்ஸும் சரியாக இருந்தால் மிச்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். சரியா?

துருப்பிடி · மார்ச் 2, காலை 8:40

கணக்கைத் தலைகீழாப் போட்டிருக்கீங்க. 1962ல இருந்து 1980 வரைக்கும் அஞ்சு லட்சத்துக்கு மேல செஞ்ச வண்டி இது. அந்த 1798 சிசி பி-சீரிஸ் எஞ்சினுக்குக் கிடைக்காத பாகம்னு ஒண்ணும் இல்லை. கழட்டலாம், மாட்டலாம். பாடி அப்படி இல்லை. இதுக்குத் தனி சேஸிஸே கிடையாது, மோனோகாக், பாடியே சட்டம். ரோட்ஸ்டர்ல கூரையும் இல்லாததால, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவுல வண்டியைத் தாங்குறது கதவுக்குக் கீழே நீளமா ஓடுற ரெண்டு பக்க சில்லும், கியர்பாக்ஸை மூடி நடுவுல போற டனலும்தான். சில் அழுகிடுச்சுன்னா வண்டி பழைய கயித்துக்கட்டில் மாதிரி நடுவுல தொய்யும்.

சில்லுன்னா ஒரே தகடுன்னு நினைச்சுடாதீங்க, மூணு தகடு. வெளியே தெரியுறது அவுட்டர் சில். உள்ளே செங்குத்தா நிக்குறது மெம்பிரேன். அடியில காஸில் ரெயில். மூணும் சேர்ந்து பெட்டியா இருக்குற வரைக்கும்தான் பலம். வெளித்தகட்டை மட்டும் புதுசாக்கி பெயின்ட் அடிச்ச வண்டி நிறைய. அதைவிட மோசம், அழுகின சில்லை வெட்டி எடுக்காம அது மேலயே ஒரு கவர் சில்லை வெல்டு பண்ணி மூடுறது. பார்க்க ஜோரா இருக்கும், உள்ளே வெறும் துருப்பொடி.

அதனால முதல் ஒரு மணி நேரம் பானட்டையே திறக்காதீங்க. 3, 4, 5, 6 மி.மீ. டிரில் பிட் நாலு எடுத்துக்கிட்டுப் போங்க, இடைவெளி அளக்க அதுவே போதும். பெயின்ட்ல கீறல் விழாம வழவழன்னு இருக்குற பின்பக்கத்தைச் சொருகுங்க. கதவோட பின் விளிம்புக்கும் பின் விங்குக்கும் (சக்கரத்தை மூடுற பாடித் தகடு) நடுவுல மேலே ஒரு அளவு, கீழே ஒரு அளவு. ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கணும். மேலே இறுக்கம், கீழே அகலம்னா நடுவுல தொய்வு. அப்புறம் முன்பக்கம் கிராஸ்மெம்பருக்கு (முன் சஸ்பென்ஷனைத் தாங்குற குறுக்குச் சட்டம்) அடியில ஜாக்கி கொடுத்துத் தூக்கி, இடைவெளி மாறுதான்னு பாருங்க.

நாலாங்கியர் · மார்ச் 2, காலை 10:05

மேலே சொன்னதில் ஒரு திருத்தம். முன் கிராஸ்மெம்பரில் தூக்கினால் எதுவும் தெரியாது. வண்டியின் முன்பாதி எடை ஏற்கெனவே அங்கேதான் இறங்குகிறது. அங்கே தூக்குவதால் நடுப்பகுதியில் விழும் வளைவு மாறாது. சில்லிலேயே நடுவில் இருக்கும் ஜாக்கி இடத்தில்தான் தூக்க வேண்டும். அப்போது இரண்டு முனைகளும் தொங்கும், நடு மேலே வரும். சில் நலிந்திருந்தால் கதவின் மேல் இடைவெளி கண்ணுக்குத் தெரிய விரியும். கொஞ்சம் மாறுவது ரோட்ஸ்டரில் இயல்பு. முன்பு உள்ளே போன டிரில் பிட்டுக்கு அடுத்த அளவும், அதற்கடுத்ததும் போகிறது என்றால் இயல்பு அல்ல.

தூக்கும்போது ஜாக்கி இடமே உள்வாங்கினாலோ, நொறுங்கும் சத்தம் கேட்டாலோ அங்கேயே இறக்கிவிடுங்கள். வேண்டிய பதில் கிடைத்துவிட்டது. ஜாக்கியில் மட்டும் நிற்கும் வண்டிக்கு அடியில் தலையைக் கூட நீட்ட வேண்டாம், ஆக்ஸில் ஸ்டாண்டு இருந்தால் மட்டும்.

ஜாக்கி இல்லாமலே ஒரு சோதனை உண்டு. எடையுள்ள இருவர் இரண்டு சீட்டிலும் உட்கார்ந்துகொண்டு கதவைத் திறந்து மூடிப் பார்க்க வேண்டும். காலியாக இருக்கும்போது சுகமாக மூடிய கதவு இப்போது தாழ்ப்பாளில் இடிக்கிறதென்றால் சில்லைப் பற்றி அதற்கு மேல் பேச ஒன்றும் இல்லை.

துருப்பிடி · மார்ச் 2, காலை 10:30

கிராஸ்மெம்பர் விஷயம் சரிதான், மாத்திக்கிறேன். உட்கார்ந்து பார்க்குறது அதைவிட சுலபம். விற்பவரையே ஒரு சீட்டுல உட்காரச் சொல்லுங்க, முகத்தையும் பார்த்துக்கலாம்.

இன்னொண்ணு. அவுட்டர் சில் கதவுக்குக் கீழே மட்டும் முடியுறதில்லை. முன்னாடி விங்குக்குள்ளேயும் பின்னாடி விங்குக்குள்ளேயும் நுழைஞ்சு போகுது. அதனால முன் விங்கோட அடிப்பகுதி சில்லைச் சந்திக்குற இடத்துல ஒரு செங்குத்துக் கோடு தெரியணும், பின் விங்குகிட்டயும் அப்படி ஒரு கோடு. ரெண்டு கோடும் பட்டிக்குள்ள (பள்ளம் நிரப்புற பூச்சு) மறைஞ்சு ஒரே தகடு மாதிரி வழவழன்னு இருந்தா, விங்கை வெட்டாம குறுக்கு வழியில வேலை பார்த்திருக்காங்கன்னு சந்தேகப்படலாம். ஒழுங்கா சில் மாத்தணும்னா முன் விங்கைக் கழட்டணும், பின் விங்கோட கீழ்ப்பகுதியை வெட்டி ஒட்டணும். யாருக்கும் பிடிக்காத வேலை.

அடியில டார்ச் அடிச்சுப் பாருங்க. காஸில் ரெயில் ஓரத்துல வரிசையா ஸ்பாட் வெல்டு புள்ளிகள் இருந்தா நிம்மதி. புள்ளி வேற மாதிரி இருந்தா, தகடு மாத்தினதுன்னு அர்த்தம், அது தப்பே இல்லை, எப்படி மாத்தினாங்கன்னு பார்க்கணும். நேத்து அடிச்ச கறுப்பு அண்டர்சீல் மட்டும்தான் தெரியுதுன்னா அதுவும் ஒரு பதில்தான்.

கேள்விக்குறி · மார்ச் 2, பகல் 12:20

காந்தம் ஒன்று எடுத்துப் போய் பாடி முழுக்க ஓட்டிப் பார்த்தால் இதெல்லாம் ஒரே தடவையில் தெரிந்துவிடாதா?

பச்சைஒயர் · மார்ச் 2, பகல் 12:31

பானட்டில் வைக்காதீர்கள். 1970 வாக்கு வரை வந்த எம்ஜிபிக்கு அலுமினியம் பானட். காந்தம் நழுவி விழும், பானட் முழுக்கப் பட்டி என்று வீட்டுக்கு ஓடிவிடுவீர்கள். 71 என்றால் இரும்பு பானட்தான் இருக்க வேண்டும். காந்தம் ஒட்டாவிட்டால் யாரோ பழைய அலுமினியத்தை எடுத்து மாட்டியிருக்கிறார்கள். அது குறை இல்லை, எடை குறைவு.

துருப்பிடி · மார்ச் 2, பிற்பகல் 2:10

காந்தம் நல்லதுதான், ஆனா பலமான காந்தம் வேண்டாம். அது 2 மி.மீ. பட்டி மேலயும் ஒட்டிக்கிட்டு நிக்கும். ஃபிரிட்ஜுல ஒட்டுற வகை போதும், மெல்லிய துணி சுத்தி வெச்சா கீறாது. தரையில இருந்து ஒரு சாண் உயரம் வரைக்கும்தான் கவனம்: முன் விங்கோட பின்கீழ் மூலை, சில், பின் சக்கர வளைவு, கதவோட அடி விளிம்பு. பெயின்ட் தடிமன் மீட்டர் கிடைச்சா இன்னும் நல்லது. மறுபடி பெயின்ட் அடிச்ச வண்டியில 200–400 மைக்ரான் சாதாரணம். ஒரே இடத்துல திடீர்னு 1000க்கு மேல போனா அங்கே பட்டி.

காந்தம் சொல்லாததும் இருக்கு. முன் விங்குக்குள்ள சக்கரத்துக்குப் பின்னாடி ஒரு தடுப்புத் தகடு. அதுக்கும் விங்குக்கும் நடுவுல மண்ணு சேரும், ஈரம் காயாது, உள்ளேயிருந்து வெளியே அழுகும். வெளியே ஒரு பயறு அளவு கொப்புளம் தெரிஞ்சா உள்ளே கை அளவு ஓட்டைன்னு வெச்சுக்கோங்க. சக்கரத்தை முழுசாத் திருப்பி வெச்சு, விரலை விட்டு மேலே தடவிப் பாருங்க.

சீட்டுக்குப் பின்னாடி கார்ப்பெட்டைத் தூக்கினா ஒரு மூடி. அதுக்குக் கீழே ரெண்டு 6 வோல்ட் பேட்டரி, ஆளுக்கு ஒரு பெட்டியில. ஆசிட் சிந்திச் சிந்தி அந்தப் பெட்டி அடியே போயிருக்கும். பெட்டிகளை ஒட்டித்தான் பின் லீஃப் ஸ்பிரிங்கோட முன் முனை மாட்டுற இடமும். அங்கே துருன்னா பின் ஆக்ஸிலே இடம் மாறும். டிக்கியில ஸ்டெப்னியை எடுத்துட்டு அடித்தகட்டையும் பாருங்க.

நாலாங்கியர் · மார்ச் 2, மாலை 5:45

கதவில் இன்னொரு அடையாளம் விட்டுப்போயிற்று. முன்பக்க முக்கோணக் கண்ணாடியின் அடியில், கதவின் வெளித்தகட்டில் விரிசல் விடும். எம்ஜிபிக்கு ஏறக்குறைய பிறவிக் குணம். விரிசல் மட்டும் என்றால் கதவு வேலையோடு முடியும். பெயின்ட் அடித்த பிறகு அதே இடத்தில் மறுபடி விரிந்திருந்தால் பாடி முறுக்கிக்கொள்கிறதா என்று சில் பக்கம் திரும்பிப் பாருங்கள்.

பேட்டரி பற்றிச் சொன்னதிலிருந்து ஒன்று. 1974 இறுதியில் ரப்பர் பம்பர் வந்தபோது ஒற்றை 12 வோல்ட் பேட்டரிக்கு மாறினார்கள், வண்டியும் சுமார் 38 மி.மீ. உயர்ந்தது. ரப்பர் பம்பர் வண்டிக்குக் குரோம் பம்பர் மாட்டி "71" என்று காட்டுவதும் நடக்கும். சேஸிஸ் எண்ணில் ஜிஎச்என்5 என்று இருப்பதால் மட்டும் 71 என்று முடிவு செய்ய முடியாது. அந்த முன்னொட்டு 1980 வரை தொடர்ந்தது. ரோட்ஸ்டருக்கு ஜிஎச்என், கூரை வைத்த ஜிடிக்கு ஜிஎச்டி. பேட்டரிப் பெட்டி ஒன்றா இரண்டா என்று பார்ப்பது தகட்டிலுள்ள எண்ணைப் பார்ப்பதைவிட நம்பகம், தகட்டை எவரும் மறுபடி ரிவெட் அடிக்கலாம்.

எஸ்யூஊசி · மார்ச் 3, காலை 6:50

சில் சங்கம் பேசி முடிச்சாச்சா? சரி, பானட் திறக்கலாம்.

முதல் நிபந்தனை, எஞ்சின் ஆறியிருக்கணும். நீங்க போகும்போது ரேடியேட்டர் சூடா இருந்தா ஏதோ மறைக்கிறதுக்காக முன்னாடியே ஓட்டி வெச்சிருக்காங்கன்னு வெச்சுக்கலாம், இல்லைன்னா வெறும் மரியாதைக்காக. ரெண்டுல எதுன்னு கண்டுபிடிக்க வழி இல்லை. "காலையில ஸ்டார்ட் பண்ணாதீங்க"ன்னு முந்தின நாளே சொல்லிடுங்க.

சாவியை இக்னிஷன் நிலைக்குத் திருப்பினா பின்பக்கம் டிக் டிக்னு எஸ்யூ பெட்ரோல் பம்ப் அடிக்கணும், கார்புரேட்டர் நிறைஞ்சதும் நிக்கணும். நிக்காம அடிச்சுக்கிட்டே இருந்தா எங்கேயோ ஒழுகுது, இல்லை டேங்க் காலி. ஸ்டார்ட் ஆன சில நொடிக்குள்ள ஆயில் பிரஷர் ஏறணும். ஆறின எஞ்சின்ல 60க்கு மேல காட்டும், அதை வெச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க. 20 நிமிஷம் ஓட்டின பிறகு என்ன காட்டுதுங்கிறதுதான் கணக்கு: ஐடிலில் 15–25 பிஎஸ்ஐ, 3000 ஆர்பிஎம்ல 50க்குக் குறையாம.

புகை: ஆக்ஸிலரேட்டரை விட்டு இறக்கத்துல வந்துட்டு மறுபடி மிதிக்கும்போது நீலப்புகை குப்புனு வந்தா வால்வு கைடு. மிதிக்க மிதிக்க நீலமா வந்துக்கிட்டே இருந்தா ரிங். வெள்ளைப்புகை சூடான பிறகும் நிக்கலைன்னா ஹெட் கேஸ்கெட்.

ரெட்டை எஸ்யூ கார்புரேட்டருக்கு ஒரு சுலபமான சோதனை. எஞ்சின் சூடா ஐடில்ல ஓடும்போது, ஒரு கார்புரேட்டரோட பிஸ்டனை 1 மி.மீ. மட்டும் தூக்கணும். வேகம் ஏறி அப்படியே நின்னா பெட்ரோல் அதிகம். உடனே தடுமாறி விழுந்தா பெட்ரோல் குறைவு. லேசா ஏறிப் பழையபடி வந்தா சரி. எப்படி மாத்தினாலும் ஐடில் நிலையா நிக்கலைன்னா திராட்டில் தட்டைத் திருப்புற தண்டு நுழையுற இடம் தேஞ்சு காத்து வாங்குது. தண்டைப் பிடிச்சு மேலும் கீழும் ஆட்டினா விரல்லயே தெரியும்.

நாலாங்கியர் · மார்ச் 3, காலை 9:15

பிரஷர் எண்களோடு உடன்படுகிறேன், ஆனால் ஐம்பது வயது டேஷ்போர்டு மீட்டரை நம்பி எஞ்சினைத் தீர்ப்பிடக் கூடாது. ஊசி எஞ்சின் நின்ற பிறகு பூச்சியத்துக்கு வருகிறதா என்று முதலில் பாருங்கள். 10ல் தங்கிவிட்டால் காட்டும் எல்லா எண்ணிலும் அந்தப் பத்தைக் கழிக்க வேண்டியிருக்கும்.

டேப்பட் (வால்வை இயக்கும் பாகம்) சத்தத்தைப் பற்றி ஒன்று. பி-சீரிஸ் தையல் மெஷின் போல லேசாகத் தட்டிக்கொண்டிருப்பது நல்லது. முற்றிலும் சத்தமில்லாத எஞ்சின்தான் யோசிக்க வைக்கும். ஈயம் இல்லாத பெட்ரோலில் ஓடும்போது, கடினப்படுத்திய சீட் (வால்வு உட்காரும் வளையம்) போடாத பழைய ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வு தன் சீட்டுக்குள் மெல்ல அமிழும். வால்வு அமிழ அமிழ அதற்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் உள்ள இடைவெளி குறையும், சத்தம் குறையும், ஒரு கட்டத்தில் வால்வு முழுதாக மூடாமல் கருகும். ஆறிய எஞ்சினில் இடைவெளி 0.015 அங்குலம், அதாவது 0.38 மி.மீ. அனுமதித்தால் மூடியைக் கழற்றி ஃபீலர் கேஜ் விட்டுப் பார்க்கலாம். ஹெட்டில் சீட் மாற்றிய பில் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

எஸ்யூஊசி · மார்ச் 3, காலை 9:40

மேலே வால்வு மூடினது, மூடாததுன்னு பேசினா, கம்ப்ரெஷன் டெஸ்டர்தான் தீர்ப்பு. நாலு பிளக்கும் கழட்டி, காயில் ஒயரைப் பிடுங்கி, திராட்டிலை முழுசாத் திறந்து வெச்சு, ஒவ்வொரு சிலிண்டருக்கும் அஞ்சாறு சுத்து. 8.8க்கு 1 கம்ப்ரெஷன் உள்ள எஞ்சின்ல 160 பிஎஸ்ஐ பக்கம் வரணும். எண்ணைவிட நாலுக்கும் உள்ள வித்தியாசம் முக்கியம், 10–15 சதவீதத்துக்கு மேல போகக் கூடாது. ஒண்ணு மட்டும் குறைவா இருந்தா அதுக்குள்ள ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளங்க. ஏறினா ரிங், ஏறலைன்னா வால்வு.

ஆயில் ஒழுகலைப் பத்தி யாரும் கேக்கலையா?

பச்சைஒயர் · மார்ச் 3, காலை 9:52

கேட்டால் பதில் ஒன்றுதான். ஒழுகவில்லை என்றால் உள்ளே ஆயில் இல்லை.

நாலாங்கியர் · மார்ச் 3, பகல் 1:30

கியர்பாக்ஸ். 71 வண்டியில் நான்கு கியருக்கும் சின்க்ரோ (கரகரக்காமல் கியர் விழ உதவும் பாகம்) உண்டு. 1967க்கு முந்தைய பெட்டியில் முதல் கியருக்குக் கிடையாது, அதனால் அங்கே கரகரத்தால் குறை சொல்லக் கூடாது. இங்கே முதலில் தேய்வது இரண்டாம் கியர் சின்க்ரோ. மூன்றிலிருந்து இரண்டுக்கு வேகமாக இறக்கிப் பாருங்கள். கியர் போட்டபடி ஆக்ஸிலரேட்டரை முழுதாக விடுங்கள், லீவர் துள்ளி நியூட்ரலுக்கு வரக் கூடாது. நியூட்ரலில் உறுமும் சத்தம் கிளட்ச் மிதித்ததும் நின்றால் பெட்டிக்குள் பேரிங். மிதித்தால் சத்தம் புதிதாக வந்தால் ரிலீஸ் பேரிங். இந்த வண்டியில் அது ஒரு கார்பன் வளையம், பாகம் சிறியது. ஆனால் அதை மாற்ற எஞ்சினை இறக்கியாக வேண்டும்.

ஓவர்டிரைவ் இருக்கிறது என்று சொல்வதும் அது வேலை செய்வதும் வேறு வேறு. இது லேகாக் எல்எச் வகை, விகிதம் 0.82. நாலாம் கியரில் 3000 ஆர்பிஎம்மில், அதாவது ஏறக்குறைய 87 கி.மீ. வேகத்தில் சுவிட்சைப் போட்டால் ஒரு நொடிக்குள் ஊசி 2450 பக்கம் இறங்க வேண்டும். மூன்றாம் கியரிலும் வேலை செய்ய வேண்டும். இறங்கவில்லை என்றாலும் பயப்பட வேண்டாம், பாதிக்கு மேல் மின்சாரக் கோளாறுதான்: கியர்பாக்ஸ் மேலிருக்கும் தடுப்பு சுவிட்ச், அதன் ஒயர், அல்லது சோலனாய்டு. மெதுவாகச் சேருவது, சூடானபின் நழுவுவது இவைதான் உள் கோளாறு.

துருப்பிடி · மார்ச் 3, பிற்பகல் 3:05

வயர் வீலை விட்டுட்டீங்க. அழகுக்கு வாங்குறாங்க, அப்புறம் வருத்தப்படுறாங்க.

கியர் போட்டு நகரும்போது பின்னாடி 'டங்'னு ஒரு சத்தம் வரும். அது மூணு இடத்துல இருந்து வரலாம்: வீல் ஸ்ப்லைன் (சக்கரத்தை ஹப்போட பிடிக்கிற பல்வரிசை), புரொப்பெல்லர் ஷாஃப்ட் யூனிவர்சல் ஜாயின்ட், டிஃபரென்ஷியல் திரஸ்ட் வாஷர். பிரிச்சுப் பார்க்க, பின்னாடி தூக்கி ஸ்டாண்டுல வெச்சு, ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்தை முன்னும் பின்னும் உலுக்குங்க. டிரம் அசையாம சக்கரம் மட்டும் அசைஞ்சா ஸ்ப்லைன். நட்டைக் கழட்டிப் பார்த்தா பல்லோட தலை தட்டையா இருக்கணும், ரம்பப் பல் மாதிரி கூர்மையா இருந்தா முடிஞ்சது. ஹப்பை மட்டும் மாத்துறதோ சக்கரத்தை மட்டும் மாத்துறதோ வீண், தேஞ்சது புதுசையும் தேய்ச்சிடும். ஸ்போக்கை ஒவ்வொண்ணா ஸ்பானரால தட்டுங்க, கணீர்னு கேக்கணும். 'தொப்'புன்னா தளர்ந்திருக்கு.

முக்கியமானது: ஹப் பக்கம் மாறியிருக்கக் கூடாது. வண்டியோட இடப்பக்கம் வலச்சுற்று மரை, வலப்பக்கம் இடச்சுற்று மரை. வண்டி முன்னாடி ஓட ஓட நட்டு தானா இறுகணும். யாராவது மாத்தி மாட்டியிருந்தா ஓட ஓட நட்டு கழண்டு சக்கரம் உங்களை முந்திப் போகும்.

நாலாங்கியர் · மார்ச் 3, பிற்பகல் 3:50

முன் சஸ்பென்ஷனில் பால் ஜாயின்ட் இல்லை, கிங்பின், அதாவது ஸ்டியரிங் திருப்பும்போது சக்கரம் சுழலும் அச்சுத் தண்டு. பக்கத்துக்கு மூன்று கிரீஸ் நிப்பிள், 3000 மைலுக்கு ஒருமுறை கிரீஸ் போக வேண்டும். நிப்பிள் மேல் காய்ந்த மண் மட்டும் இருந்தால் யாரும் போடவில்லை. முன் சக்கரத்தைத் தூக்கி, 12 மணி 6 மணி நிலையில் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் இன்னொருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங், மறையவில்லை என்றால் கிங்பின். ஸ்டியரிங் திருப்பிவிட்ட பிறகு தானாக நேராகாவிட்டாலும் கிங்பினைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

லீவர் வகை ஷாக் அப்சார்பரில் எண்ணெய் ஒழுகுகிறதா பாருங்கள். முன்பக்கத்தில் அதுவே மேல் கையாகவும் வேலை செய்கிறது, அதனால் அதன் ஷாஃப்ட் தேய்ந்தால் சக்கரத்தின் சாய்வே மாறும்.

பச்சைஒயர் · மார்ச் 3, மாலை 6:20

என் துறை வந்தது. லூகாஸ் (இந்த வண்டியின் மின் பாகங்களைச் செய்த நிறுவனம்) சுவிட்சுக்கு மூன்று நிலை: மங்கல், மினுக்கல், இருட்டு. சிரித்தாயிற்றா, இப்போது உண்மை. பெரும்பாலும் குற்றவாளி லூகாஸ் இல்லை, எர்த்தும் புல்லட் கனெக்டரும். தாமிரம் பச்சைப் பூத்திருக்கும், தேய்த்தால் விளக்கு எரியும்.

67 வரை வந்த வண்டி பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு சேரும்), அதில் புதிய ரேடியோவை யோசிக்காமல் மாட்டினால் புகைதான். 71 நெகட்டிவ் எர்த், ஆல்டர்னேட்டர். மல்ட்டிமீட்டரில் எஞ்சின் நிற்கும்போது 12.6, ஓடும்போது 13.8 முதல் 14.4. ஹெட்லைட்டும் ஹீட்டர் ஃபேனும் போட்டபிறகும் 13.5க்குக் கீழே போகக் கூடாது. டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுப் பாருங்கள். ஒரே நிறத்தில் நாலைந்து புது ஒயர் தொங்கினால் முன்பு வைத்திருந்தவர் ஒயரிங் வரைபடம் வாங்கவில்லை.

கேள்விக்குறி · மார்ச் 3, இரவு 9:10

ஒரு சந்தேகம். பக்கத்திலேயே ஒரு ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயரும் விற்பனைக்கு இருக்கிறது. அதற்குத் தனி சேஸிஸ் உண்டு, அதனால் சில் பற்றிக் கவலை இல்லைதானே?

துருப்பிடி · மார்ச் 3, இரவு 9:25

தனி சேஸிஸ் இருந்தா தகடு வெறும் சட்டைதான், உதாரணம் ட்ரையம்ஃபோட டிஆர்6. ஸ்பிட்ஃபயரும் அப்படித்தான்.

நாலாங்கியர் · மார்ச் 3, இரவு 9:48

டிஆர்6க்குச் சரி, ஸ்பிட்ஃபயருக்கு இல்லை. அதன் சேஸிஸ் நடுவில் ஒடுங்கிய முதுகெலும்பு மட்டும். ஓரங்களுக்குப் பலம் தருவது சில்தான். பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ரேடியஸ் ஆர்ம் பாடியில்தான் மாட்டியிருக்கிறது. ஆக அதே டிரில் பிட், அதே கதவு. ஜாகுவார் இ-டைப் பக்கம் போனால் மேலும் ஒரு தலைவலி: எஞ்சினைத் தாங்கும் முன் சட்டம் சதுரக் குழாய்களால் ஆனது, உள்ளிருந்து துருப்பிடிக்கும், வெளியே பெயின்ட் அப்படியே இருக்கும்.

ஆவணங்கள் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் கேடனிலுள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் எம்ஜி தயாரிப்புப் பதிவேடுகளிலிருந்து ஹெரிடேஜ் சான்றிதழ் தருகிறது. தயாரித்த நாள், முதல் நிறம், எஞ்சின் எண், எந்த நாட்டுக்குப் போனது எல்லாம் இருக்கும். இடப்பக்க ஸ்டியரிங் சந்தைக்குப் போன வண்டி இன்று வலப்பக்கத்தில் ஓடுகிறது என்றால் எப்படி மாற்றினார்கள் என்று கேட்கலாம். மறுசீரமைப்புப் படங்கள் என்று ஆல்பம் காட்டினால் பெயின்ட் அடித்த படங்களைத் தள்ளிவிட்டு, தகடு வெட்டியிருக்கும் படத்தைத் தேடுங்கள். மெம்பிரேன் மாற்றிய படம் ஒன்று இருந்தால் போதும்.

கேள்விக்குறி · மார்ச் 6, மாலை 4:30

பார்த்துவிட்டேன். அளவுகள்:

வலக் கதவு பின் இடைவெளி மேலே 4, கீழே 4.5 மி.மீ. இடக் கதவு மேலே 2.5, கீழே 6. இடக் கதவைத் திறந்து நுனியைப் பிடித்துத் தூக்கினால் கொஞ்சம் ஆடுகிறது. இரு பக்கமும் சில் கோடுகள் தெரிகின்றன. பேட்டரிப் பெட்டி இரண்டும் உள்ளன, ஒன்றில் துளை. பிரஷர் சூட்டில் ஐடிலில் 18, 3000ல் 55, எஞ்சின் நின்றால் ஊசி பூச்சியம். கம்ப்ரெஷன் 158, 155, 160, 120. நாலாவதில் ஆயில் விட்ட பிறகு 122. ஓவர்டிரைவ் சேரவில்லை, சுவிட்ச் போட்டால் அடியில் எந்தச் சத்தமும் இல்லை. ஜாக்கி சோதனைக்கு நேரம் போதவில்லை.

எஸ்யூஊசி · மார்ச் 6, மாலை 4:55

எஞ்சினோட அடிப்பாகம் ஆரோக்கியம். நாலாவது சிலிண்டர்ல ஆயில் விட்டும் ஏறலை, ஆக வால்வு. ஹெட்டை இறக்கித்தான் ஆகணும். இறக்கினதோட நாலு எக்ஸாஸ்டுக்கும் கடினப்படுத்தின சீட் போட்டுடுங்க, ஒண்ணுக்கு மட்டும் போடுறதுல அர்த்தமில்லை. பக்கத்து சிலிண்டர் 160 காட்டுறதால கேஸ்கெட் நடுவுல வெடிச்சிருக்க வாய்ப்பு குறைவு, அப்படி இருந்தா மூணும் நாலும் சேர்ந்து விழும்.

பச்சைஒயர் · மார்ச் 6, மாலை 5:02

சத்தமே இல்லை என்றால் சோலனாய்டுக்குக் கரண்டே போகாமல் இருக்கலாம். நல்ல செய்தி. கியர்பாக்ஸுக்குப் போகும் ஒயரில் நேராக 12 வோல்ட் கொடுத்துக் கேளுங்கள். 'டிக்' என்றால் சுவிட்சோ ஒயரோ. அப்போதும் மௌனம் என்றால் சோலனாய்டு.

துருப்பிடி · மார்ச் 6, மாலை 5:30

இடப்பக்கம் 2.5க்கும் 6க்கும் தொய்வுதான். விட்டுட்டு வாங்க.

நாலாங்கியர் · மார்ச் 6, இரவு 7:15

அவசரம் வேண்டாம். கதவு ஆடுகிறது என்கிறார். கீல் தேய்ந்து கதவின் பின்முனை இறங்கினாலும் இதே வடிவம்தான் வரும், மேலே இறுக்கம், கீழே அகலம். பிரித்தறிய கதவின் முன் விளிம்பை அளக்க வேண்டும். கீல் தேய்ந்திருந்தால் கதவு தன் தூணிலிருந்தே சாய்ந்திருக்கும், அதனால் முன் இடைவெளியும் மேலே அகன்று கீழே குறுகும். பாடி தொய்ந்திருந்தால் கதவும் தூணும் சேர்ந்தே சாயும், முன் இடைவெளி சீராக இருக்கும், பின்னது மட்டும் கோணும். முன் அளவு இருக்கிறதா?

கேள்விக்குறி · மார்ச் 6, இரவு 8:40

படத்திலிருந்து பார்த்தால் முன் விளிம்பு மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாகத்தான் தெரிகிறது.

நாலாங்கியர் · மார்ச் 6, இரவு 9:05

அப்படியானால் கீலை மட்டும் பழி சொல்ல முடியாது. துருப்பிடி சொல்வதன் பக்கம் சாய்கிறேன், முழுதாக இல்லை. படத்தில் 1 மி.மீ. தெரியாது. மறுபடி போக வாய்ப்புக் கிடைத்தால் மூன்று வேலை மட்டும்: டிரில் பிட்டால் முன் விளிம்பு, இடப்பக்க ஜாக்கி இடத்தில் தூக்கி இரு விளிம்பும், இருவர் உட்கார்ந்து கதவு. அரை மணி நேரம் போதும். தூக்கும்போது இடக் கதவு மேல் அளவு 2.5லிருந்து 4க்குப் போனால், இடப்பக்கம் மூன்று தகடும் மாற்றும் வேலையை விலையில் கழித்துப் பேசுங்கள், அவர் கழிக்க மறுத்தால் வண்டியை விட்டுவிடலாம்.

துருப்பிடி · மார்ச் 6, இரவு 9:20

அந்த வேலையில முதல் காரியம், வெட்டுறதுக்கு முன்னாடி கதவு திறப்புக்குக் குறுக்கே முட்டுக் கம்பி வெல்டு பண்ணி, இடைவெளி 4 மி.மீ.க்கு வந்த பிறகுதான் பழைய சில்லை அறுக்கணும். முட்டு இல்லாம அறுத்தா தொய்வோடயே புது சில் உறைஞ்சிடும், அப்புறம் கதவு எந்த ஷிம்முக்கும் (இடைவெளி சரிசெய்ய வைக்கிற மெல்லிய தகடு) அடங்காது. வெல்டு பண்ணப் போறவர்கிட்ட இந்த ஒரு கேள்வியைக் கேளுங்க. "கம்பி எதுக்கு?"ன்னு திருப்பிக் கேட்டா வேற ஆளைப் பாருங்க.

கேள்விக்குறி · மார்ச் 7, காலை 7:50

வியாழக்கிழமை மறுபடி போகிறேன். கியர்பாக்ஸில் இபி90 போட்டிருப்பதாகச் சொன்னார். பரவாயில்லையா?

நாலாங்கியர் · மார்ச் 7, காலை 8:10

இல்லை. இந்தப் பெட்டிக்கு எஞ்சின் ஆயில்தான், 20டபிள்யூ50. ஓவர்டிரைவும் அதே ஆயிலைத்தான் குடிக்கிறது. இபி90 பின் ஆக்ஸிலுக்கு. வாங்கினால் முழுதாக வடித்து, ஓவர்டிரைவின் அடியிலுள்ள வடிகட்டியைக் கழுவி, புதிதாக ஊற்றிய பிறகு சின்க்ரோவை மறுபடி சோதியுங்கள். தடித்த ஆயிலில் இரண்டாம் கியர் தயங்குவது தேய்மானம் என்றே அர்த்தம் ஆகாது.